துரைக்காக நடந்த கல்யாணம்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. கிழடுகள் ஒரு வகை, மற்றவர்கள் ஒரு வகை. கிழடுகள் பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தார்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்குப் பசி எடுக்காது, குளிர் மட்டும்தான் எடுக்கும். கையில் கிடைக்கும் கருப்பட்டியை நமக்கே கொடுத்துவிடுவதால் அவர்களுக்கு இனிப்புப் பிடிக்காது என்பது தெளிவு. ஆசை, வெட்கம், விளையாட்டு எல்லாம் மற்றவர்களுக்கு உரியவை. என் அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், எல்லாம் தெரிந்தவள். இந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது. இன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் என் தட்டிலிருந்து இனிப்பை எடுத்துக்கொண்டு, "ஒனக்குத்தான் இது பிடிக்காதே" என்று சொல்லிவிட்டு ஓடும்போது அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். பெரிய வெள்ளம் வந்து மலையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோட்டத்து ஆட்களுக்கு லயம்தான் வீடு. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள், குடும்பத்துக்கு ஓர் அறை. அறைக்கும் அறைக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரை எட்டாது. அடுத்த அறையில் கருவாடு வறுத்தால் நாங்கள் இந்தப் பக்கம் வெறும் கஞ்சியை ருசியாகக் குடித்துவிடலாம். அவர்கள் சண்டை போட்டால் பஞ்சாயத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை, படுத்தபடியே தீர்ப்புச் சொல்லலாம்.

எங்கள் அறையில் அம்மா, அப்பா, அக்கா, நான், கைக்குழந்தையாக ஒரு தம்பி, பிறகு தாத்தா. தாத்தா அம்மாவைப் பெற்றவர். எங்கள் பாட்டி நான் பிறக்கும் முன்பே தெற்கே ஊரில் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அதன் பிறகு மகளோடு மலை ஏறி வந்தவர், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கூட்டத்தில் அப்பாவோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 

அடுத்த அறையில் ஆச்சி. அவள் எங்களுக்கு உறவு இல்லை. கொழுந்து கிள்ளப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்கு ஒரு கொட்டகை உண்டு. அங்கே தொட்டில்களை ஆட்டிக்கொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் ஆச்சிக்கு வேலை. புருஷன் மலைக்காய்ச்சலில் போய் வெகுகாலம் ஆகிறது, பிள்ளை இல்லை. அம்மா அவளைச் சித்தி என்பாள். அவள் எங்கள் தாத்தாவை அண்ணாச்சி என்பாள். தாத்தா அவளை ஏத்தா என்று கூப்பிடுவார். கூப்பிடுவதும் எப்போதாவதுதான். தண்ணீர்க் குழாயடியில் எதிரே வந்தால் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்குவார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் தோட்டத்துக்குப் புதிய துரை வந்தார். வேலைக்கு ஆகாத கிழடுகள் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயரை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறார்கள், அவர்களை எல்லாம் மலை இறக்கிவிட வேண்டும் என்பது அவருடைய முடிவு. பெயர் போனால் லயத்தில் இடம் கிடையாது. பிள்ளைகள் மேலே வேலை பார்க்கலாம், பெற்றவர்கள் கீழே ஊருக்குப் போய்விட வேண்டும். பக்கத்து மலையில் அவர் ஆண்களை வரிசையாக நிற்க வைத்து, தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லி, வெள்ளைத் தலைகளை எல்லாம் தனியே பிரித்துவிட்டாராம். இந்தச் செய்தியைக் கங்காணி ஒரு நாள் வந்து அப்பாவிடமும் தாத்தாவிடமும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். எங்களை இந்த மலைக்கு அழைத்து வந்தவரே அந்தக் கங்காணிதான், தாத்தாவின் ஊர்க்காரர். அவர் சொன்னது எதுவும் எனக்கும் அக்காவுக்கும் அப்போது தெரியாது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசினால் அது பேய்க் கதை, இல்லாவிட்டால் யாருக்கோ பிள்ளை பிறக்கப்போகிறது என்பதுதான் எங்கள் அனுபவம்.

மறுநாள் விடியும் நேரத்தில் லயத்துக்குப் பின்னால் போன நான் ஓர் அதிசயத்தைப் பார்த்தேன். தாத்தா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, சுட்டுப் பொடித்த சிரட்டைக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தலையில் பூசிக்கொண்டிருந்தார். தலை முடிந்ததும் மீசை. தண்ணீர் வாளியில் முகத்தைப் பார்த்து, ஒரு பக்க மீசையைத் துடைத்துவிட்டு மறுபடி பூசினார். நான் மூச்சுவிடாமல் திரும்பி ஓடி அக்காவை எழுப்பினேன்.

அக்காவுக்கு விளங்கிவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் மேல் லயத்துக் கொத்தனார் இதே போல நரைத்த தலையைக் கருப்பாக்கிக்கொண்டு போய் இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தோட்டமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தலையில் கரி பூசினால் கல்யாணம், இதில் என்ன சந்தேகம்?

"தாத்தாவுக்குப் பொண்ணு பாத்துட்டாக," என்றாள் அக்கா.

"தாத்தாவுக்கா? தாத்தாவுக்கு எதுக்குட்டி பொண்ணு?"

"எனக்கென்ன தெரியும்? கிழடுகளுக்குப் புத்தி பெரண்டுபோகும்னு கொத்தனார் வீட்டுல சொன்னாகள்ல."

எனக்கு ஒரே அவமானமாக இருந்தது. இனி கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். இருந்தாலும் ஓரத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. கல்யாணம் என்றால் பாயசம் உண்டு.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். பெரட்டு நடக்கும் களத்தை ஒட்டியே குழந்தைகளின் கொட்டகை. அம்மா தம்பியை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நிற்பாள், நானும் அக்காவும் கொட்டகை வாசலில் நின்றுகொள்வோம். அன்றைக்கும் அப்படித்தான் நின்றோம். மலையை மூடிய மஞ்சு இன்னும் கலையவில்லை. துரை குதிரையை விட்டு இறங்கி வந்து, ஆண்களை எல்லாம் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார்.

கீழ் லயத்தில் நொண்டிக் கால் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கரி பூசத் தோன்றவில்லை போலும். துரை பிரம்பால் அவரைக் காட்டினார், அவர் வரிசையை விட்டு வெளியே வந்து நின்றார். அதுபோல இன்னும் சிலர். அவர்களுடைய மகள்களும் மருமகள்களும் பெண்கள் வரிசையில் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள். எதற்காக அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கிழடுகளுக்கு இன்றைக்கு லீவு கொடுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

துரை எங்கள் தாத்தாவைக் கடந்து போய்விட்டு, ஏதோ உறுத்தித் திரும்பி வந்தார். தலை கருப்பு, மீசை கருப்பு. ஆனால் புருவம் இரண்டும் பஞ்சு போல வெள்ளையாக இருந்தன. வாளித் தண்ணீரில் பார்க்கும்போது தாத்தாவுக்குப் புருவம் தெரியவில்லையோ என்னவோ. துரை ஒரு விரலால் தாத்தாவின் நெற்றி ஓரத்து முடியைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் கருப்பாக இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் துரை. அவருக்குத் தமிழ் வரும், மரியாதைதான் வராது. "நீ கிழவன். நீ என்னை ஏமாத்துறியா? இது என்ன, சொல்லு!"

கங்காணி தரையைப் பார்த்தார். அம்மா வரிசையில் நின்ற இடத்திலேயே கையைக் கூப்பிக்கொண்டாள். அத்தனை பேர் கூடியிருந்த களத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கோ தெரியும். பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிற பழக்கம் அன்றும் எனக்கு இல்லை, இன்றும் இல்லை.

"கல்யாணம்!" என்று கத்தினேன். "எங்க தாத்தாவுக்குக் கல்யாணம்! அதான் பூசியிருக்காக!"

துரை திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். அவருடைய சிவந்த முகத்தில் முதலில் மீசை ஆடியது, பிறகு தோள் குலுங்கியது. அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் தோட்டத்துக்குத் தெரிந்தது.

"கல்யாணம்? இந்த ஆளுக்கா? நிசமா கங்காணி?"

கங்காணி அவசரமாக முன்னால் வந்தார். "ஆமாந்தொர. நெசந்தான். சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு நிக்காரு."

"பொண்ணு எங்கே?"

கங்காணி பெண்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். துரை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பொண்ணு யாரென்று அக்காவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டுமே. எனக்குப் பக்கத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆச்சி நின்றிருந்தாள். புருஷன் இல்லாத பெண் என்று எனக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கையை நீட்டி அவளைக் காட்டினேன்.

களம் முழுவதும் திரும்பி ஆச்சியைப் பார்த்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாத்தா அன்றைக்கே மலை இறங்கியிருப்பார். ஆச்சி சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்துத் துரை இன்னும் சிரித்தார். கிழடுகளுக்கு வெட்கம் வராது என்று எனக்குத் தெரியுமாதலால், குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கல்யாணம் பண்றவன் கிழவன் இல்லே," என்று துரை தீர்ப்புச் சொன்னார். "நில்லு. வேலைக்குப் போ. கங்காணி, கல்யாணம் எப்போ? நான் வருவேன். தொரசானியும் வரும்."

அன்று சாயங்காலம் கங்காணி எங்கள் அறைக்கு வந்தார். அம்மா என் முதுகில் ஓர் அடி வைத்து, அடித்த கையோடு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டில் எதற்காக அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"பிள்ளைய அடிக்காத தாயி," என்றார் கங்காணி. "மாரியாத்தாதான் அவ வாயில வந்து பேசிருக்கா. ஆனா ஒண்ணு. தொர கல்யாணத்துக்கு வாரேன்னுட்டாரு. நடத்தாம விட்டோம்னா, நம்மள வச்சு வெளையாண்டுட்டானுகன்னு அண்ணாச்சியோட சேத்து ஒங்க எல்லாரையும் எறக்கிருவாரு."

தாத்தா சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலையைக் கழுவியிருந்தார், ஆனால் கரி முழுவதும் போகவில்லை. "நான் எறங்கிருதேன்," என்றார். "ஒரு பொம்பளைய ஊரு சிரிக்க நிறுத்தி, அதுல எனக்கு ஒரு பொழப்பு வேண்டாம்."

"எறங்கி எங்க போவீக, ஐயா?" என்று அம்மா கேட்டாள். "ஊருல என்ன இருக்கு? இடிஞ்ச சொவரு இருக்கு. ஒரு வா கஞ்சி காச்சித் தர யாரு இருக்கா? நாங்களும் கூட வந்துருதோம்னா, இந்தப் பிள்ளைகளுக்கு எதப் போட?"

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"பிள்ளைகளுக்குச் சோத்தப் போடு தாயி. நாளைக்குப் பேசிக்கிடலாம்."

எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கேட்காமல் இருக்க அந்தச் சுவரில் வழியும் கிடையாது. தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆச்சி மறுநாள் பேசவில்லை, அதற்கடுத்த நாளும் பேசவில்லை. குழாயடிக்குப் போனால் பெண்கள் அவளைப் பார்த்து இருமுவார்கள். சிறுபிள்ளைகள் "பொண்ணு வருது, பொண்ணு வருது" என்று பாடிக்கொண்டு பின்னால் போனார்கள், அதில் முதல் குரல் அக்காவினுடையது. பாடுவதற்கு அவ்வளவு நன்றாக இருந்தது. பல் போன ஆச்சிக்கு மாலையும் பூவும்! நினைத்து நினைத்துச் சிரித்தோம். அவள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பாள்.

கடைசியில் ஒரு நாள் மத்தியானம், தம்பிக்குப் பால் கொடுக்க அம்மா கொட்டகைக்கு வந்தபோது, ஆச்சி தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசினாள். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மாலை போட்டுக்கிடுதேன்," என்றாள். "மஞ்சக் கயிறும் கழுத்துல கெடந்துட்டுப் போவுது. ஆனா முடிச்ச அவரு போடக் கூடாது. கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கட்டும். கங்காணி வீட்டம்மா நாத்தனாரு மாதிரி பின்னால நின்னு முடிச்சப் போட்டுரட்டும்."

"ஏன் சித்தி?"

"அவரு போட்டா அது நெசமாயிரும். ஒருத்தருக்கு அழுது முடிச்சிட்டேன் தாயி. இன்னொருத்தருக்கு அழ எனக்குத் தெம்பு கெடையாது."

அம்மா சரி என்று தலையாட்டினாள். பிறகு ஆச்சியின் காலைத் தொட்டாள். காலில் ஏதோ ஒட்டியிருக்கிறது போலும் என்று நான் எட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்கு மேலே இருந்த மாரியம்மன் கோயிலில் நடந்தது. கோயில் என்றால் நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். மலையிறங்கிப் போக இருந்த நொண்டிக் கால் பெரியவரின் மகள்கூடப் பூக்கட்டிக் கொண்டுவந்தாள். தாத்தாவை அப்பா உட்கார வைத்துச் சவரம் செய்து, இந்தத் தடவை புருவத்தையும் சேர்த்துக் கருப்பாக்கிவிட்டார். கொஞ்சம் அதிகமாகவே ஆக்கிவிட்டார். தாத்தா கூத்தில் வருகிற ராஜா மாதிரி இருந்தார். ஆச்சிக்கு அம்மா தன்னுடைய சுங்கடிச் சேலையைக் கட்டிவிட்டாள். ஆச்சியின் கொண்டையில் பூ நிற்கவில்லை, முடி அவ்வளவு கொஞ்சம். அம்மா ஒரு நூலை எடுத்துப் பூவை முடியோடு கட்டிவிட்டாள்.

துரையும் துரைசானியும் குதிரையில் வந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. மேளம் கொட்டியது, மாலை மாறியது. லயத்துச் சனமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கியது. பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்துத் தாத்தாவின் கையில் கொடுத்தார். தாத்தா அதை ஆச்சியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனார். கங்காணியின் மனைவி பின்னால் தயாராக நின்று இரண்டு நுனியையும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

தாத்தா கயிற்றைக் கொடுக்கவில்லை.

நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிக அருகில் நின்றிருந்தேன், நன்றாகப் பார்த்தேன். கங்காணியின் மனைவி மெதுவாக, "விடுங்க அண்ணாச்சி," என்றாள். தாத்தா விடவில்லை. கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரல்கள் அவருக்கு. அந்த விரல்களால் கயிற்றின் நுனியை வளைத்தார், நுழைத்தார், அது வழுக்கியது, மறுபடி வளைத்தார். மேளக்காரர் கொட்டிக் கொட்டிக் களைத்துப்போனார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். வேண்டாம் என்று ஆச்சி சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன், அவள்தானே அப்படிக் கண்டிப்பாகச் சொன்னாள்? ஆச்சியோ அவருக்கு வாகாகத் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

முடிச்சு விழுந்தது. துரை கை தட்டினார். துரைசானி ஒரு பிஸ்கட் டின்னை ஆச்சியின் கையில் கொடுத்தாள். அம்மா ஏனோ அழுதுகொண்டிருந்தாள். ஒரு முடிச்சைப் போட இவ்வளவு நேரமா என்று அக்கா என் காதில் சொன்னாள். கிழடுகளுக்கு எல்லாமே தாமதம்தான் என்று நானும் சொன்னேன். பாயசத்தில் வெல்லம் குறைவு, ஆனால் பிஸ்கட் முழுவதும் எங்களுக்கே கிடைத்தது. அவர்களுக்குத்தான் இனிப்புப் பிடிக்காதே.

துரையின் ஆட்கள் யாராவது வந்து பார்த்தால் இருவரும் ஓர் அறையில் இருக்க வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். தாத்தா தன் பாயையும் கம்பளியையும் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். எங்கள் அறையில் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது எனக்குப் பெரிய லாபம். துரை ஊருக்குப் போகிற வரைக்கும்தான் இந்த நடிப்பு என்று அம்மா எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தாள். வெளியே மூச்சுவிடக் கூடாது என்றும் மிரட்டியிருந்தாள்.

ஆனால் அவர்களுக்கு நடிக்கவே தெரியவில்லை. எப்போது நடிக்க வேண்டும், எப்போது வேண்டாம் என்ற கணக்கே இல்லை. துரை வருகிற காலைப் பெரட்டில் ஆச்சி தாத்தாவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒருவரும் வராத மழைநாள் சாயங்காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்குக் கால் பிடித்துவிடுவாள். அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள், வேறு பெயரும் வைக்கவில்லை. "இந்தாங்க" என்பாள். தாத்தா குரல் கொடுப்பார். முன்பெல்லாம் எங்கள் அறையில் தாத்தா பேசியே நாங்கள் கேட்டதில்லை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓயாத பேச்சு. இரண்டு பேரின் ஊருக்கும் நடுவே ஒரு கண்மாய்தானாம். அந்தக் கண்மாயில் மீன் பிடிக்கும் நாளில் மேளம் முதலில் அடித்தது யார் ஊர் என்று சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் சிரிப்பார்கள். ஆச்சி சிரித்தால் புரையேறும், தாத்தா தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்கும்.

"பாத்தியாட்டி, ஆளில்லாத நேரத்துலயும் நடிக்காக," என்றாள் அக்கா.

"அப்படி என்னத்தச் சிரிக்காக?"

"யாருக்குத் தெரியும்? கிழடுக."

இந்தப் பக்கம் அம்மா விளக்குத் திரியைக் குறைத்துவிட்டு எங்களைப் பேசாமல் படுக்கச் சொல்வாள். அவள் முகம் மட்டும் சிரித்த மாதிரி இருக்கும்.

அப்படி இரண்டு மழைக்காலம் போயிற்று. அந்தத் துரை தம் சீமைக்குக் கப்பலேறிப் போனார், வேறொருவர் வந்தார். வந்தவர் யாருடைய தலைப்பாகையையும் அவிழ்க்கச் சொல்லவில்லை. டாக்டரை அழைத்துவந்து ஒவ்வொருவர் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்க்கச் செய்தார். அதற்குள் தாத்தாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. தலைக்குக் கரி பூசலாம், நெஞ்சுக்குள் எதைப் பூசுவது? டாக்டர் குழாயை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். தாத்தாவின் பெயர் போயிற்று. இந்த முறை கத்துவதற்கு எனக்கும் பதில் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஆச்சியின் பெயருக்கு ஒன்றும் இல்லை. தொட்டில் ஆட்டுவதற்கு வயதானவர்கள்தான் வேண்டும், அதனால் கொட்டகை வேலையில் அவளை யாரும் தொடவில்லை. அறையும் அவள் பெயரில் இருந்தது. நடமாட்டம் இருக்கிற வரைக்கும் அவளுக்குக் கஞ்சிக்குப் பஞ்சம் இல்லை.

தாத்தா இறங்குகிற அன்றைக்குக் காலையில் நாங்கள் எல்லாரும் லயத்து வாசலில் நின்றோம். போடிக்கு இறங்கும் பாதை வழியே போய், அங்கிருந்து தெற்கே ஊருக்குப் போக வேண்டும். அடிவாரம் வரைக்கும் துணைக்கு அப்பா போவதாக ஏற்பாடு. அதற்கு மேல் அப்பாவுக்கு லீவு கிடையாது. அம்மா தாத்தாவின் மூட்டையை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஊரில் கஞ்சி காய்ச்ச ஆள் இல்லையே என்று அவள் அப்போது சொல்லவில்லை. சொல்லி அழும் கட்டத்தை எல்லாம் அவள் அந்த வாரம் முழுவதும் அழுது தாண்டியிருந்தாள்.

அப்போது அடுத்த அறையின் கதவு திறந்தது. ஆச்சி தலையில் ஒரு மூட்டையும் கையில் ஒரு சட்டியுமாக வெளியே வந்தாள். தன்னுடைய கோழியை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"சித்தி, நீங்க எங்க?" அம்மா திகைத்துப்போனாள். "ஒங்க பேருதான் செக்ரோல்ல இருக்கே. கொட்டகை வேல? போயிட்டா மறுபடி ஏற விட மாட்டாகளே!"

"வேற எவளாவது தொட்டில் ஆட்டுவா," என்றாள் ஆச்சி. "வெயில் ஏறுமுன்ன மல எறங்கணும். பேச்ச வளக்காத தாயி."

தாத்தா அவளைப் பார்த்தார். "நீ எதுக்கு? அங்க கூரைகூடக் கெடையாது," என்றார்.

"அதத்தான் மேய வேணும்ல, நடங்க," என்றாள் ஆச்சி.

தாத்தா தோளில் கிடந்த கம்பளியைச் சரிசெய்வது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆச்சி அந்தக் கம்பளியையும் வாங்கித் தன் மூட்டையின் மேல் போட்டுக்கொண்டாள். அப்பா முன்னால் நடக்க, இருவரும் பின்னால் போனார்கள். சரிவில் கால் வைக்கும்போது தாத்தா கையை நீட்டினார், ஆச்சி பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த லயத்துச் சனம் ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. அக்காவைக் கேட்டேன், எல்லாம் தெரிந்த அக்காவுக்கும் தெரியவில்லை. கல்யாணம் துரைக்காக நடந்தது. அந்தத் துரையோ கப்பலேறிப் போய்விட்டார். பார்ப்பதற்கு இனி ஒருவரும் இல்லை. இடிந்த சுவரைப் பார்த்து எதற்காக ஆச்சி வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு இறங்கிப் போக வேண்டும்? அவர்கள் தேயிலைக்குள் மறைகிற வரைக்கும் யோசித்தேன். பிறகு எனக்கே விடை கிடைத்துவிட்டது. பாவம், இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. அது பொய்க் கல்யாணம் என்பதையே மறந்துவிட்டார்கள். ஓடிப்போய் ஞாபகப்படுத்திவிட்டு வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.